கல்லில் ஒரு மாதிரி, மண்ணில் ஒரு மாதிரி: வடாற்காட்டில் ஐந்து நாள்

முதல் நாள்: வேலூர்க் கோட்டை

அண்ணன் மகள் கட்டடக்கலை படிக்கப் போகிறாள். ஏதோ ஒரு கல்லூரியின் முதல் பருவப் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரமாக என்னைத் துளைத்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு தாளின் பெயர் ‘கலை, கட்டடக்கலை, ஊடகம், கதைசொல்லல்: ஓர் அறிமுகம்.’ “நாலும் ஒரே தாள்ல எப்படி அத்தை வரும்?” என்று கேட்டாள். இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. சரி, ஐந்து நாள் என்னோடு வா, சுற்றிப் பார்ப்போம் என்றேன். நடந்ததை அன்றன்றைக்கு இரவே எழுதிப் போடுகிறேன்.

வடாற்காடு என்று இப்போது ஒரு மாவட்டம் இல்லை. 1989இல் இரண்டாகப் பிரித்தார்கள். 2019இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. ஆனாலும் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் கூத்துக்காரர்களும் இன்னும் வடாற்காடு என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இதில் சாமி இல்லாத கோயில் என்பது ஜலகண்டேசுவரர் கோயில். விஜயநகரக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. அப்புறம் கோட்டை கைமாறிக் கைமாறிப் போனதில் வழிபாடு நின்று, பல தலைமுறைக்குச் சிலை இல்லாமலே கிடந்தது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981இல்தான் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த நாளைப் பற்றி என் அம்மா பேச ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பதைக்கூட மறந்துவிடுவார்.

காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். அக்னி நட்சத்திரம் நடக்கிறது, எட்டு மணிக்கு மேல் வேலூர்க் கல்லில் கால் வைக்க முடியாது. கோபுரத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். பின்னங்காலில் எழும்பி நிற்கும் குதிரைகள், யாளிகள், மேலே வீரர்கள், குதிரைக் குளம்புக்குக் கீழே ஆட்கள். வெள்ளைக்காரர்கள் இந்த மண்டபத்தை அப்படியே பிரித்துச் சீமைக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டதாகவும், அதற்கென்று வந்த கப்பல் கடலில் மூழ்கிவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். கேட்டவள் கூரையை அண்ணாந்து பார்த்து, “எத்தனை கல்லுக்கு நம்பர் போட்டிருக்கணும்!” என்றாள். கட்டடக்கலைக்காரி.

நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனதே ஒரு சின்னச் சிற்பத்துக்காக. தூணில் உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவுதான் இருக்கும். ஒரு காளை, ஒரு யானை, இரண்டுக்கும் தலை ஒன்றுதான். யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை. காளையின் உடலை மறைத்தால் யானை. தாராசுரத்திலும் இதே விளையாட்டைச் சோழச் சிற்பி செய்திருக்கிறான், ரிஷபகுஞ்சரம் என்பார்கள். அவள் இடது கையால் ஒரு தடவை, வலது கையால் ஒரு தடவை என்று மறைத்து மறைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் எடுத்துவிட்டு நின்றாள்.

“ரெண்டையும் ஒரே நேரத்துல பார்க்க முடியல அத்தை. கண்ணு ஒண்ணுலதான் நிக்குது.”

பாடத்திட்டத்தில் இருக்கிற ‘கதைசொல்லல்’ இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று எனக்குப் பட்டது. கல் நகராது. பார்க்கிறவர் கண் நகர்கிறது. முதலில் காளை, அப்புறம் யானை என்று ஒரு வரிசை வந்துவிட்டால், அங்கே காலம் வந்துவிட்டது. சிற்பி அந்த வரிசையை நம் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். எந்தப் பக்கத்தை முதலில் மறைப்பது என்பது நம் இஷ்டம்.

அகழியை ஒட்டி நடந்து வெளியே வரும்போது 1806 ஜூலை 10 பற்றிச் சொன்னேன். விடிவதற்கு முன்னால் கோட்டையில் இருந்த கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகையும், காதில் கடுக்கனும் நெற்றியில் குறியும் கூடாது என்ற உத்தரவும் அதற்குக் காரணங்கள். ஒரு படையை எழுப்புவதற்கு உடுப்பே போதுமாக இருந்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு அவள் ரொம்ப நேரம் பேசவில்லை.

இரண்டாம் நாள்: வள்ளிமலை, மேல்பாடி

வள்ளிமலைக்குச் சின்ன வயதில் பாட்டியோடு வந்தது. பாட்டிக்கு இந்த மலையில் ஒவ்வொரு பாறையும் ஒரு காட்சி. வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் குழந்தை கிடைத்தது, நம்பிராஜன் எடுத்து வளர்த்தது, தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கவண்கல் எறிந்து ஆலோலம் பாடியது, வேடனாக வந்த முருகன் ஆள் வந்ததும் வேங்கை மரமாக நின்றது, கிழவனாக வந்து தேனும் தினைமாவும் தின்று விக்கியது, யானை துரத்தியது, எல்லாவற்றுக்கும் பாட்டியிடம் இடம் இருந்தது. “இங்கதான்” என்று விரலை நீட்டுவார். அந்த ‘இங்கதான்’ இல்லாமல் அவருக்குக் கதை சொல்லத் தெரியாது.

படியேறும்போது நானும் அதே மாதிரி விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் மூச்சு வாங்கியது. அண்ணன் மகள் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, “நீ கதைய நிறுத்துற இடத்துலதான் படிக்கட்டுல திண்ணை இருக்கு, கவனிச்சியா?” என்றாள். நான் கவனிக்கவில்லை. உட்காரும் இடத்துக்கு ஒரு கதை என்று பாட்டி வைத்துக்கொண்டாரா, கதை நடந்த இடத்தில் யாரோ திண்ணை போட்டார்களா, எப்படியோ இரண்டும் பொருந்திவிட்டது.

அதே மலையின் சரிவில் சமணக் குகை இருக்கிறது. பெரும்பாலோர் முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள், இந்தப் பக்கம் வருவதில்லை. இயற்கையான குகை, அதன் பாறை முகத்தில் தீர்த்தங்கரர்கள். கங்க மன்னன் இராசமல்லன் இந்த இடத்தை ஏற்படுத்தியதாகக் கன்னடக் கல்வெட்டு சொல்கிறது. சிவமாறன், அவன் மகன் ஸ்ரீபுருஷன், அவன் மகன் ரணவிக்கிரமன், அவன் மகன் இராசமல்லன் என்று தலைமுறையை அடுக்கியிருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டு. அச்சணந்தி என்ற துறவியின் பெயரும் இங்கே இருக்கிறது.

அவர்கள் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். வள்ளி கதையில் எல்லோரும் ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள், வேஷம் மாறுகிறார்கள். இங்கே ஒருவரும் அசையவில்லை. மடியில் கை, நேர் முதுகு, அரைக்கண். நடந்தது எல்லாம் நடந்து முடிந்த பிறகு இருக்கிற நிலை. இதில் கதை இல்லை என்று அவள் சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமணத்தில் ஒவ்வொரு தீர்த்தங்கரருக்கும் நீண்ட கதை உண்டு, பிறவி பிறவியாகப் போகும். சிற்பி அதையெல்லாம் தெரிந்துகொண்டே கடைசி வரியை மட்டும் செதுக்கியிருக்கிறான். கூட வந்து சொல்ல ஆள் இருந்த காலத்தில் அந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கும். வள்ளிக்கு இன்னும் பாட்டிகள் இருக்கிறார்கள். இந்தக் குகையில் விரல் நீட்டி ‘இங்கதான்’ என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கு மனசு கனத்துப் போனது.

இறங்கி மேல்பாடி. பொன்னை ஆற்றங்கரை ஊர். சோமநாதர் கோயிலுக்கு எதிரே சின்னதாக ஒரு கோயில், அது பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில். ஆற்றூர் என்ற இடத்தில் இறந்துபோன தன் தாத்தா அரிஞ்சய சோழனுக்கு இராசராசன் எடுப்பித்தது. கல்வெட்டில் ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’ என்று வருகிறது. துஞ்சினார் என்றால் தூங்கினார். தஞ்சாவூரில் அத்தனை பெரிய விமானம் எழுப்பியவன் தாத்தாவுக்கு இவ்வளவு அடக்கமாக ஒரு கோயில் கட்டியிருக்கிறான். போர், வெற்றி, யானை, குதிரை எதுவும் இல்லை. பேரன் என்று சொல்லிக்கொள்ள வந்த இடத்தில் அவன் சத்தம் போடவில்லை.

மூன்றாம் நாள்: மகேந்திரவாடி

காட்பாடியிலிருந்து காலை ரயில். பாணாவரத்தில் இருக்கிற சோளிங்கர் நிலையத்தில் இறங்கி ஆட்டோ. வயல்வெளிக்கு நடுவே ஒற்றைப் பாறை. யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்து போன மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதைக் குடைந்து கோயில் ஆக்கியிருக்கிறான் முதலாம் மகேந்திரவர்மன். 7ஆம் நூற்றாண்டு.

இவனைப் பற்றி அவளிடம் ரயிலிலேயே சொல்லிவைத்திருந்தேன். பாடத்திட்டத்தின் நான்கு சொல்லையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால் இவன்தான். சித்திரகாரப்புலி என்று பட்டம் வைத்துக்கொண்ட ஓவியன். மத்தவிலாசம் என்ற அங்கத நாடகத்தை எழுதியவன். விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று கல்லிலேயே எழுதி வைத்தவன். அதுவரைக்கும் கோயில் என்றால் அந்த நான்கும்தான். அந்த நான்கும் அழியும். அழியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டான்.

மகேந்திரவாடிப் பாறைக்கு முன் அவள் டேப்பை எடுத்தாள். முன்வரிசைத் தூணை அளந்தாள், படம் போட்டாள். கீழே சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம். பின்னால் இன்னொரு வரிசை. “இது தூணே இல்ல அத்தை” என்றாள் திடீரென்று. “பாரத்தைத் தாங்கல. பாறை தன்னாலேயே நிக்கும். எடுக்காம விட்ட கல்லு, அவ்வளவுதான்.” நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். கல்லூரிக்குப் போகும் முன்பே அவளுக்கு அது பிடிபட்டுவிட்டது. மரக் கட்டடத்தில் தூண் ஒரு வேலை செய்தது. பாறைக்கு வந்த பிறகு, அந்த வேலையின் நினைவு மட்டும் நிற்கிறது. பார்க்கிறவர் இது மண்டபம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அந்தத் தூண்.

தூணில் வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், பாறையைப் பிளந்து குணபரன் செய்த முராரியின் வீடு, பெயர் மகேந்திர விஷ்ணுகிருகம் என்பது அதன் சாரம். குணபரனும் அவனே. ஊர் அவன் பெயர், ஏரி அவன் பெயர், கோயிலும் அவன் பெயர். நாடகம் எழுதத் தெரிந்தவன் ஒரு கதைக் காட்சிகூடச் செதுக்காமல் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறானே என்று அவளுக்கு ஏமாற்றம்.

வெயில் ஏறிவிட்டது. ஏரிக்கரை வரை போகவில்லை. திரும்பும் வழியில் ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொண்டோம்.

நான்காம் நாள்: வீட்டில்

அவளுக்குச் சூட்டில் தலைவலி, எங்கும் போகவில்லை. சாயங்காலம் மோர் குடித்துக்கொண்டே ஒரு கல்லின் வாசகத்தை எழுதிக் காட்டினேன். செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் கிடைத்த நடுகல். அந்தப் பக்கத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் தேடித் தொகுத்தது. அதுவும் பழைய வடாற்காடுதான்.

கருந்தேவக்கத்தி என்று ஒருவன். தன் எருமைகளைக் காக்க நின்று செத்தான். அதற்குக் கல் நட்டார்கள். எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழ். வருடம், மகேந்திரவர்மனுக்கு முப்பத்து நான்காவது ஆட்சியாண்டு. நேற்றுப் பார்த்தோமே, அதே மகேந்திரவர்மன்.

கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு வாசகம் எழுதியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்திருந்தவாறு என்று.

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “நாய்க்குப் பேரா?”

நாய்க்குப் பெயர். கடித்தது எத்தனை பேர் என்ற கணக்கு. ‘காத்திருந்தவாறு’ என்ற அந்தக் கடைசிச் சொல்லை நான் எத்தனையோ தடவை எழுதிப் பார்த்திருக்கிறேன். கடித்தது, அப்புறம் காவல் இருந்தது, இப்படித்தான் இருந்தது என்று அந்தப் படத்தையே கைகாட்டுகிற மாதிரி முடிகிறது. படம் இல்லாமல் அந்த வாசகம் நிற்காது. வாசகம் இல்லாவிட்டால் படத்தில் இருப்பது ஏதோ ஒரு நாய். என் பாட்டியின் ‘இங்கதான்’ அந்த ‘வாறு’வில் இருக்கிறது.

ராஜா பாறையைக் குடைந்து தன் பெயரை எழுதிய காலத்தில், எருமை மேய்த்தவர்கள் ஒரு பலகைக்கல்லில் இரண்டு வரியில் கதை சொல்லி முடித்திருக்கிறார்கள். மகேந்திரவாடியில் அவள் தேடியது இங்கே கிடைத்துவிட்டது. அவள் அந்த வாசகத்தைத் தன் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள்: கூத்தும் படுகளமும்

இது நேற்றிரவும் இன்றும் சேர்ந்தது. இரவு அவளுக்குத் தலைவலி விட்டதும் கிளம்பிவிட்டோம். செய்யாறு பக்கம் ஒரு கிராமம், திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று பல நாளாக நடந்து, கடைசி இரவு பதினெட்டாம் போர். பிரசங்கியார் வில்லி பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். அதே கதை இரவில் எழுந்து நடக்கும். செய்யாறு வட்டாரம் கூத்துக்குப் பேர்போனது. புரிசை இங்கேதான் இருக்கிறது, கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் ஊர்.

ஒன்பது மணிக்கு வேஷம் கட்டும் கொட்டகைக்குள் அனுமதி கேட்டு உட்கார்ந்தோம். துரியோதனனுக்கு முகத்தில் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். அவருக்கு அறுபது வயது இருக்கும். இடது கையில் சின்னக் கண்ணாடி, வலது கையில் ஈர்க்குச்சி. சிவப்பின் மேல் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார், மூக்கின் இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியாக இருந்தது. பக்கத்தில் கட்டைகள் கிடந்தன. கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கு ஒன்று. எல்லாம் கல்யாண முருங்கை மரம், கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும் ஒட்டியது. அவள் புஜக்கட்டையைத் தூக்கிப் பார்த்து, “இவ்ளோ லேசா!” என்றாள்.

பெரியவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், “கனமா இருந்தா விடியற வரைக்கும் எப்படிம்மா ஆடறது? பாக்கறவங்களுக்குத்தான் கனமா இருக்கணும்” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். மகேந்திரவாடித் தூண் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும், எனக்கும் வந்தது.

பத்தரைக்கு மேல் மத்தளமும் முகவீணையும் ஆரம்பித்தன. கட்டியக்காரன் வந்து ஊரைக் கலகலப்பாக்கினான். பிறகு இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்தார்கள். திரைக்குப் பின்னால் துரியோதனன் பாடுகிறான், சலங்கை தெரிகிறது, கிரீடத்தின் நுனி தெரிகிறது, ஆள் தெரியவில்லை. பத்து நிமிஷம் அப்படியே. கூட்டத்தில் குழந்தைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். திரை விலகியபோது கொட்டகையில் நான் பார்த்த பெரியவர் அங்கே இல்லை. முகம் அகலமாகி, தோள் இரண்டு மடங்காகி, வேறு யாரோ சுற்றிச் சுழன்று வந்தார்.

அவள் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் எனக்குக் காட்டினாள். சதுரத்துக்குள் துரியோதனன் வருகிறான், போகிறான். மூன்று பக்கமும் உட்கார்ந்திருக்கிற ஊர் அதில் இல்லை. அவள் எழுந்து போய், பின்பாட்டுக்காரர்களுக்குப் பின்னாலிருந்து எடுக்க ஆரம்பித்தாள். அங்கிருந்து எடுத்ததில் ஆடுகிறவரின் முதுகும், அதைத் தாண்டிப் பார்க்கிறவர்களின் முகமும் வருகின்றன. அது நல்ல படம். சினிமா பார்த்து வளர்ந்த பெண் கேமராவை எங்கே வைப்பது என்று கூத்திடமிருந்து கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

விடிந்தது. கோயிலுக்கு முன் வெளியில் படுகளம். துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். தலையிலிருந்து பாதம் வரை நடந்து பார்த்தேன், 12 தப்படி. மீசை, மார்புப் பதக்கம், கையில் கதாயுதம். உருவம் பிடித்த குயவர் ஓரமாகக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார், முழங்கை வரை சேறு.

இரவெல்லாம் துரியோதனனாக ஆடிய அதே பெரியவர், சிவப்பு வியர்வையில் கரைந்து கழுத்தில் வழிய, அந்த மண் உருவத்தின் மேலேயே நின்று ஆடினார். பீமன் துரத்தினான். மார்பில் ஓடி, வயிற்றில் இறங்கி, தொடைக்கு வந்தார்கள். தொடையில் புதைத்திருந்த செந்நீரைப் பீமன் அடித்துப் பிளந்ததும் ஊரே ஓவென்று கத்தியது. திரௌபதி அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தலில் தடவி முடிந்தாள். சபையில் அவிழ்ந்த கூந்தல், இத்தனை நாள் முடியாமல் வைத்திருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி தன் கொண்டையையும் அவிழ்த்து முடிந்துகொண்டார்.

“அத்தை, அவரால சாக முடியாதுல்ல” என்றாள் அண்ணன் மகள், என் காதருகே. “ராத்திரி முழுக்க அவர் உயிரோட இருந்தார். சாகறதுக்கு மண்ணுகிட்ட குடுத்துட்டார்.”

நான் என்ன சொல்ல? கல்லும் குகையும் எழுத்தும் கூத்துமாக ஐந்து நாள் நான் சுற்றிச் சுற்றிச் சொல்ல வந்ததை அவள் ஒரு வாக்கியத்தில் வைத்துவிட்டாள். ஆளால் ஆகாத இடத்தில் மண் கதையை வாங்கிக்கொள்கிறது. சாயங்காலம் தீமிதியில் அதை நெருப்பு வாங்கிக்கொள்ளும்.

கூட்டம் கலைந்ததும் பெண்கள் உருவத்திலிருந்து மண்ணை எடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டி துரியோதனன் தோள்பக்கம் குந்தி, ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்தார். இவள் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு, “இன்னாம்மா பாத்துக்கினு நிக்கிற? நீயும் எடு. குதிருல போட்டா நெல்லு குறையாது” என்றார்.

“எங்க வீட்ல குதிர் இல்லியே பாட்டி.”

“அரிசி டப்பா இருக்குதில்ல?”

அவள் பையைத் துழாவினாள். பென்சில் டப்பாவைத் திறந்து, பென்சில்களை என் கையில் கொடுத்துவிட்டு, துரியோதனனின் கட்டைவிரல் பக்கத்திலிருந்து ஈரமண்ணை எடுத்து அதில் அடைத்து மூடிக்கொண்டாள்.